கிளவுட் சர்வரில் உபுண்டு அப்கிரேட் பாதியில் நின்றால்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேசைமேல் இருக்கும் கணினியில் அப்கிரேட் கெட்டுப்போனால் திரையைப் பார்த்தே என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளலாம். யுஎஸ்பி செருகி மறுபடி நிறுவலாம். கிளவுட் சர்வரில் இது எதுவும் நடக்காது. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடுகிற இயந்திரம் அது. நமக்கு இருப்பது, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் என்கிற ஒரே கதவு. அப்கிரேட் செய்யும்போது அந்தக் கதவைத் திறந்துவிடுகிற நிரலையும் சேர்த்தே கழற்றி மாட்டுகிறோம். அதனால் இந்தக் கட்டுரையில் பிழைகளைச் சரிசெய்வதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறேனோ, கிட்டத்தட்ட அதே அளவு இடத்தை உள்ளே போக இன்னொரு வழி வைத்துக்கொள்வதற்கும் கொடுக்கிறேன்.

எடுத்துக்காட்டுகள் உபுண்டு 20.04, 22.04, 24.04 ஆகிய நீண்டகால ஆதரவு வெளியீடுகளை வைத்து. டெபியனிலும் பெரும்பாலானவை பொருந்தும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றின் ஆங்கில எழுத்துகளை அடியுங்கள்.

தொடங்குவதற்கு முன்

முதலில் ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க் அந்த நொடியில் இருக்கும் நிலையின் நகல். கிளவுட் நிறுவனத்தின் கன்ட்ரோல் பேனலில் டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் எடுக்க ஒரு பொத்தான் இருக்கும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்தால், அது மின்சாரம் திடீரென்று போன நொடியில் டிஸ்க் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். டேட்டாபேஸ் பெரும்பாலும் அதிலிருந்து மீண்டுவிடும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜி_டம்ப்ஆல், மைஎஸ்க்யூஎல் என்றால் மைஎஸ்க்யூஎல்டம்ப். எடுத்த கோப்பை அந்தச் சர்வருக்கு வெளியே நகலெடுத்து வையுங்கள்.

ஸ்னாப்ஷாட் இருந்தால் ஒத்திகையும் பார்க்கலாம். அதிலிருந்து இன்னொரு சர்வரை உருவாக்கி, அப்கிரேட்டை முதலில் அங்கே ஓட்டிப் பாருங்கள். சில மணி நேர வாடகைதான் செலவு. பிரச்சினைகளில் பெரும்பகுதி அங்கேயே தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நகல் சர்வரிலும் கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) இருக்கும், வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் நிரல் இருக்கும். அது விழித்ததும் வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே அதை உருவாக்கும்போதே, வெளியே போகும் இணைப்புகளை கிளவுட் ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள். பேக்கேஜ் இறக்கத் தேவையானதை மட்டும் திறந்து வைத்தால் போதும்.

அடுத்தது இரண்டாவது கதவு. பெரிய கிளவுட் நிறுவனங்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வகை கன்சோல் உண்டு. சீரியல் கன்சோல், வெப் கன்சோல் என்று பெயர் மாறும். நெட்வொர்க்கே இல்லாவிட்டாலும் அதன் வழியே சர்வரின் திரையைப் பார்க்கலாம். ஆனால் அங்கே பாஸ்வேர்ட் கேட்கும். கிளவுட் இமேஜில் வரும் பயனருக்குப் பாஸ்வேர்டே கிடையாது, எஸ்எஸ்எச் சாவி மட்டும்தான். ரூட் கணக்கும் பூட்டியே இருக்கும். அதனால் அப்கிரேட்டுக்கு முன்பே சூடோ பாஸ்டபிள்யூடி கட்டளையால் உங்கள் பயனருக்கும் ரூட்டுக்கும் வலுவான பாஸ்வேர்ட் வைத்துவிடுங்கள். எஸ்எஸ்எச் அமைப்பில் பாஸ்வேர்ட் நுழைவு அணைந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். அப்புறம் கன்சோலைத் திறந்து உண்மையிலேயே உள்ளே போய்ப் பாருங்கள். கதவு இருக்கிறது என்று தெரிவது வேறு, அது திறக்கிறது என்று தெரிவது வேறு.

மூன்றாவது கதவு ஒன்றும் உண்டு. அப்கிரேட்டை நடத்துவது டூ-ரிலீஸ்-அப்கிரேட் என்ற கட்டளை. எஸ்எஸ்எச் வழியாக அதைத் தொடங்கினால், அது 1022 என்ற போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்எச் சேவையைத் திறந்து வைக்கும். பழைய இணைப்பு அறுந்தால் இதன் வழியே வரலாம். கிளவுட் ஃபயர்வால் அந்தப் போர்ட்டை மூடியே வைத்திருக்கும் என்பதுதான் சிக்கல். உங்கள் ஐபி முகவரிக்கு மட்டும் 1022-ஐத் திறந்துவிடுங்கள். சர்வருக்குள் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் ஓடினால் அங்கேயும் திறக்க வேண்டும்.

இடம் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. டிஎஃப் -எச் கட்டளை எவ்வளவு இடம் மீதி என்று காட்டும். டிஎஃப் -ஐ கட்டளை ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க்கில் தேவைப்படும் பதிவிடம்) எண்ணிக்கையைக் காட்டும். ஜிகாபைட் கணக்கில் இடம் இருந்தும் ஐநோடு தீர்ந்துபோனால் ஒரு கோப்பைக்கூட உருவாக்க முடியாது. சர்வர் எழுந்திருக்கத் தேவையான கோப்புகள் உள்ள /பூட் தனிப் பகுதியாக இருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். பழைய கெர்னல்கள் (இயங்குதளத்தின் மைய நிரல்) அங்கேதான் குவியும். சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ் அவற்றை எடுத்துவிடும்.

"புதிய வெளியீடு இல்லை" என்று சொன்னால்

நிறையப் பேர் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். காரணங்கள் சில.

20.04-இலிருந்து 24.04-க்கு ஒரே தாவலாகப் போக முடியாது. 22.04-இல் இறங்கித்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் ரீபூட் செய்து, சேவைகள் ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். மேலும், புதிய நீண்டகால வெளியீடு வந்த அன்றே பழைய நீண்டகால வெளியீட்டுக்கு அது காட்டப்படாது. முதல் திருத்த வெளியீடு வர வேண்டும். 24.04 வந்தது 2024 ஏப்ரலில், 24.04.1 வந்தது ஆகஸ்ட் கடைசியில். இடையில் -டி (-d) சேர்த்துக் கட்டாயப்படுத்தலாம். வேலை செய்துகொண்டிருக்கும் சர்வரில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

/ஈடிசி/அப்டேட்-மேனேஜர் அடைவில் உள்ள ரிலீஸ்-அப்கிரேட்ஸ் கோப்பில் பிராம்ப்ட் என்ற வரி 'நெவர்' என்றிருந்தாலும் எதுவும் காட்டாது. அது 'எல்டிஎஸ்' (நீண்டகால ஆதரவு) என்று இருக்க வேண்டும். இன்னொன்று, இப்போதைய வெளியீட்டின் அப்டேட்கள் பாக்கி இருந்தால் அவற்றை முதலில் போடச் சொல்லும். ஆப்ட் அப்டேட், ஆப்ட் ஃபுல்-அப்கிரேட், ஒரு ரீபூட். யாரோ எப்போதோ பிடித்து வைத்த பேக்கேஜ்கள் ஏதாவது உண்டா என்று ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் சொல்லும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது

நடுவில் பல கேள்விகள் வரும். "இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், புதியதைப் போடவா, உங்களுடையதை வைத்துக்கொள்ளவா?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. எஸ்எஸ்எச் கோப்பு என்றால் உங்களுடையதையே வையுங்கள். மற்றவற்றுக்கும் சந்தேகம் என்றால் அதுவே பாதுகாப்பு. புதிய கோப்பு பெரும்பாலும் டிபிகேஜி-டிஸ்ட் அல்லது யூசிஎஃப்-டிஸ்ட் என்ற வாலோடு பக்கத்திலேயே இருக்கும். பிறகு நிதானமாக ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அரை மணி நேரமாக எதுவும் நகரவில்லை என்றால் உடனே நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் அது ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும். இன்னொரு இணைப்பில் உள்ளே வந்து /வார்/லாக்/டிஸ்ட்-அப்கிரேட் அடைவில் டெர்ம் லாக் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள்.

உங்கள் பக்கம் இணையம் அறுந்தாலும் பயம் வேண்டாம். அப்கிரேட் ஸ்கிரீன் என்ற நிரலுக்குள் ஓடுகிறது, நீங்கள் வெளியே வந்தாலும் அது நிற்காது. 22 அல்லது 1022 வழியாக மறுபடி நுழைந்து சூடோ ஸ்கிரீன் -டி -ஆர் (-d -r) என்று அடித்தால் விட்ட இடத்தில் போய் நிற்கலாம். இது தெரியாமல் கன்ட்ரோல் பேனலில் போய் ரீஸ்டார்ட் அழுத்திவிடுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகச் சேதம் செய்யும் தவறு.

பாதியில் நின்றுவிட்டது

சரி, உண்மையிலேயே பிழையோடு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் விதி: ரீபூட் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் பழைய கெர்னலை நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. உங்கள் எஸ்எஸ்எச் இணைப்பும் உயிரோடு இருக்கிறது. டிஸ்க்கில் பாதி புதியது, பாதி பழையது என்ற நிலை. இப்போது ரீபூட் செய்தால் எழுந்திருக்க எது தேவையோ அதுவே அரைகுறையாக இருக்கக்கூடும். சரிசெய்ய வேண்டியதை எல்லாம் இந்த இணைப்பிலேயே செய்துவிடுங்கள்.

பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி நிரல், பூட்டு கிடைக்கவில்லை என்று சொன்னால், வேறொரு நிரல் பேக்கேஜ் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். பலமுறை அது அன்அட்டென்டட்-அப்கிரேட்ஸ் என்கிற தானியங்கி அப்டேட்டாகத்தான் இருக்கும். பிஎஸ் கட்டளையால் பார்த்து, அது முடியும்வரை காத்திருங்கள். பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும், அதைக் கேட்காதீர்கள். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பேக்கேஜ் பட்டியலில் எழுதினால் அந்தப் பட்டியலே சிதைந்துவிடும்.

அப்புறம் இடத்தை மறுபடி பாருங்கள். நிரம்பியிருந்தால் ஆப்ட் கிளீன் இறக்கிய கோப்புகளை நீக்கும். ஜர்னல்சிடிஎல் --வேக்கம்-சைஸ் பழைய லாக்குகளைக் குறைக்கும்.

இடம் சரியானதும் வரிசையாக மூன்று கட்டளைகள்: சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ, சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால், சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட். முதலாவது, பாதியில் நின்ற பேக்கேஜ்களின் அமைப்பை முடிக்கும். இரண்டாவது, ஒன்றையொன்று சார்ந்திருப்பவற்றில் விட்டுப்போனதை நிரப்பும். மூன்றாவது, மீதி அப்கிரேட்டைத் தொடரும். இந்த மூன்றையும் இரண்டு மூன்று சுற்று ஓட்ட வேண்டி வரலாம், அது சகஜம்.

மறுபடியும் எர்ரர் கோட் (1) என்று முடிகிறதா? அந்தக் கடைசி வரியால் பயன் இல்லை. மேலே போய், முதலில் வந்த பிழை எந்தப் பேக்கேஜினுடையது என்று பாருங்கள். கீழே பத்துப் பேக்கேஜ்கள் வரிசையாகத் தோல்வி என்று வந்தாலும், ஒன்பது முதலாவதைச் சார்ந்தவையாகத்தான் இருக்கும். அந்த முதலாவதும் பெரும்பாலும் ஒரு சேவை எழுந்திருக்க மறுத்ததால் வந்த பிழை. எடுத்துக்காட்டாக, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் பேக்கேஜ் நிறுவி முடித்ததும் சேவையைத் தொடங்கப் பார்க்கும். 80 போர்ட்டில் வேறொன்று உட்கார்ந்திருந்தால் அது தொடங்காது, பேக்கேஜும் தோல்வி என்று பதிவாகும். ஜர்னல்சிடிஎல் -யு என்ஜின்எக்ஸ் பார்த்துக் காரணத்தை நீக்கிவிட்டு --கன்ஃபிகர் -ஏ ஓட்டினால் எல்லாம் மளமளவென்று முடியும்.

சிறிய சர்வர்களில் இன்னொரு காரணம் உண்டு. நினைவகம் 1 ஜிபி அல்லது அதற்கும் குறைவு, ஸ்வாப் (நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) கிடையாது என்றால், நினைவகம் தீர்ந்ததும் கெர்னல் ஏதாவது ஒரு நிரலைக் கொன்றுவிடும். பேக்கேஜ் நிரலே கொல்லப்படலாம். டிமெஸ்ஜி (dmesg) கட்டளையின் வெளியீட்டில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடினால் தெரியும். 2 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்று உருவாக்கிவிட்டுத் தொடருங்கள்: ஃபாலொகேட், சிஎச்மாட் 600, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன், இதே வரிசையில்.

ரீபூட் பொத்தானை அழுத்தும் முன்

எல்லாம் முடிந்தது, ரீபூட் செய்யவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் செலவழியுங்கள்.

எல்எஸ் /பூட் என்று அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு விஎம்லினஸ் (vmlinuz, கெர்னல்) கோப்புக்கும் அதே எண்ணுள்ள இனிட்ஆர்டி (initrd) கோப்பு ஒன்று இருக்க வேண்டும். ரூட் டிஸ்க்கை ஏற்றக் கெர்னலுக்கு உதவுவது அது. இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஒருமுறை /பூட் நிரம்பிப்போய், புதிய கெர்னல் எழுதப்பட்டது, அதன் இனிட்ஆர்டி எழுதப்படவில்லை. எச்சரிக்கை வரி ஒன்று ஓடியது, நான் கவனிக்கவில்லை. ரீபூட்டுக்குப் பின் ரூட் டிஸ்க்கை ஏற்ற முடியவில்லை என்று கெர்னல் பேனிக்கில் நின்றுவிட்டது. அன்று இரவு ஒரு குழுவின் வேலை முழுக்க நின்றுபோனது. இனிட்ஆர்டி இல்லாவிட்டால் அடிக்க வேண்டியது: சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே, கூடவே கெர்னல் எண். பிறகு, கெர்னலை எழுப்பும் கிரப் நிரலுக்காக, சூடோ அப்டேட்-கிரப். முன்பே பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

அப்புறம் சூடோ எஸ்எஸ்எச்டி -டி (இங்கே -t). எஸ்எஸ்எச் கோப்பில் பிழை இருந்தால் சொல்லும், இல்லாவிட்டால் பேசாமல் இருக்கும். சூடோ ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை, எந்த டிஸ்க்கை எங்கே ஏற்றுவது என்று எழுதியிருக்கும் /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பைச் சரிபார்க்கும். எப்போதோ கழற்றிவிட்ட கூடுதல் டிஸ்க் ஒன்று அதில் இன்னும் எழுதியிருந்தால், பூட் அங்கேயே நின்று அவசர நிலைக்குப் போய்விடும். முக்கியமில்லாத டிஸ்க்குகளுக்கு நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

ரீபூட்டுக்குப் பின் எழுந்திருக்கவில்லை

ஐந்து, பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு கன்சோலைத் திறந்து திரையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். அதில் இருப்பதைப் பொறுத்துத்தான் மேலே என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியும்.

ரூட் டிஸ்க்கை ஏற்ற முடியவில்லை என்றால் மேலே சொன்ன இனிட்ஆர்டி சிக்கல். கன்சோலில் கிரப் மெனு வரும்போது எஸ்கேப் விசையால் பிடித்து, பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து எழுப்பலாம். கிரப் தானே ஏதோ ஒரு சிம்பல் கிடைக்கவில்லை என்று சொல்லி மீட்பு நிலையில் நின்றால், டிஸ்க்கின் தலைப்பகுதியில் பழைய கிரப்பும் /பூட்டில் புதிய கிரப்பும் இருக்கின்றன. கிரப்-இன்ஸ்டால் மறுபடி ஓட்ட வேண்டும். அவசர நிலை என்றால் எஃப்எஸ்டேப்பைத் திருத்துங்கள். ரூட்டுக்கு நீங்கள் வைத்த பாஸ்வேர்ட் இங்கேதான் கைகொடுக்கும். லாகின் கேட்கிறது, ஆனால் எஸ்எஸ்எச் வரவில்லை என்றால் உள்ளே போய் ஐபி ஏ கட்டளையைப் பாருங்கள். நெட்வொர்க் இடைமுகத்தின் பெயர் மாறி, நெட்வொர்க் அமைப்பை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பில் பழைய பெயரே இருந்தால் முகவரி கிடைக்காது.

கன்சோலிலும் ஒன்றும் முடியவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறு சர்வரில் மாட்டிச் சரிசெய்யலாம். கிளவுட்டின் பெரிய வசதி இது. பழுதான சர்வரை நிறுத்துங்கள், ரூட் டிஸ்க்கைப் பிரியுங்கள், அதே மண்டலத்தில் உள்ள ஓர் உதவிச் சர்வரில் இரண்டாவது டிஸ்க்காகச் சேருங்கள். உதவிச் சர்வர் முழுதாக எழுந்த பிறகே சேருங்கள், சேர்த்தபின் அதை ரீபூட் செய்ய வேண்டாம். உபுண்டு கிளவுட் இமேஜ்களில் ரூட் பகுதிக்கு கிளவுட்ஐஎம்ஜி-ரூட்எஃப்எஸ் என்ற ஒரே லேபிள்தான். இரண்டு டிஸ்க்கிலும் அதே லேபிள் இருந்தால் எதிலிருந்து எழுவது என்று குழம்பிவிடும்.

சேர்த்த டிஸ்க்கை /எம்என்டி-இல் ஏற்றுங்கள். /பூட் தனிப் பகுதி என்றால் அதையும் அதனதன் இடத்தில் ஏற்ற வேண்டும். அப்புறம் /டெவ், /ப்ரோக், /சிஸ் மூன்றையும் மவுன்ட் --பைண்ட் மூலம் உள்ளே இணைத்து, சிஎச்ரூட் /எம்என்டி. இப்போது பழுதான சர்வருக்குள்ளேயே இருப்பது போல எல்லாக் கட்டளைகளும் ஓடும். கிரப்-இன்ஸ்டாலுக்கு மட்டும், எந்த டிஸ்க் என்று எல்எஸ்பிஎல்கே பார்த்து இரண்டு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். உதவிச் சர்வரின் டிஸ்க்கில் எழுதிவிடக் கூடாது.

எழுந்துவிட்டது, ஆனால் உள்ளே விடவில்லை

அனுமதி மறுப்பு என்று வந்தால், சாவி பழையதாக இருக்கலாம் அல்லது உங்கள் பக்கத்து மென்பொருள் பழையதாக இருக்கலாம். ஓபன்எஸ்எஸ்எச் 8.8 முதல், ஆர்எஸ்ஏ சாவிகளுக்கு எஸ்எச்ஏ-1 என்ற பழைய முறையில் போடும் கையெழுத்து இயல்பாகவே நிறுத்தப்பட்டது, 22.04-இல் இருப்பது 8.9. பழைய எஸ்எஸ்எச் மென்பொருளோ தானியங்கி டெப்ளாய் கருவியோ இதில் சிக்கும். அதைப் புதுப்பிப்பது அல்லது ஈடி25519 வகைச் சாவி உருவாக்கிச் சேர்ப்பது நல்லது. பழைய முறையைச் சர்வரில் திறந்துவிடுவது தற்காலிகத்துக்கு மட்டும்.

இணைப்பே மறுக்கப்பட்டால், போர்ட் எண்ணை மாற்றி வைத்திருந்தீர்களா என்று யோசியுங்கள். 24.04-இல் எஸ்எஸ்எச் சேவையை, சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் சாக்கெட் யூனிட் எழுப்புகிறது. கோப்பில் போர்ட்டை மாற்றினால் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் செய்து, எஸ்எஸ்எச் சாக்கெட்டையும் மறுபடி தொடங்க வேண்டும்.

சேவைகள்

சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட் விழுந்து கிடப்பவற்றைப் பட்டியலிடும். அதில் எதுவும் இல்லாமலே தளம் 502 (பின்னால் உள்ள நிரல் சரியான பதில் தரவில்லை) என்று காட்டினால், பிஎச்பி பதிப்பைப் பாருங்கள். 20.04-இல் 7.4, 22.04-இல் 8.1, 24.04-இல் 8.3. என்ஜின்எக்ஸ் கோப்பில், பிஎச்பியோடு பேசும் சாக்கெட்டின் பாதை பழைய எண்ணோடு எழுதியிருக்கும். எண்ணை மாற்றினால் கதவு திறக்கும், ஆனால் உங்கள் நிரல் பிஎச்பி 8-இல் ஓடுமா என்பது தனிக் கேள்வி. ஒத்திகையில் பார்த்திருக்க வேண்டியது அது.

பைத்தானும் 3.8, 3.10, 3.12 என்று மாறுகிறது. பழைய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்ய முயலாதீர்கள். அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். 24.04-இல் பிப் நேரடியாகச் சிஸ்டம் பைத்தானுக்குள் நிறுவ மறுக்கும், அதை உடைத்துக்கொண்டு போக வேண்டாம். வெளியாரின் பேக்கேஜ் மூலங்கள் (பிபிஏ) அப்கிரேட்டின்போது அணைக்கப்பட்டிருக்கும். புதிய வெளியீட்டுக்கு அவை இருக்கின்றனவா என்று பார்த்து ஒவ்வொன்றாகத் திறங்கள்.

போஸ்ட்கிரெஸில் மிகுந்த கவனம் வேண்டும். 12, 14, 16 என்று பதிப்பு மாறினாலும் தரவு தானாக நகராது. பழைய தரவு பழைய பதிப்பிலேயே இருக்கும். பக்கத்தில் புதிய பதிப்பின் காலிக் கிளஸ்டர் (டேட்டாபேஸ்களின் தொகுப்பு) ஒன்று, பெரும்பாலும் 5433 போர்ட்டில், உருவாகியிருக்கும். பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் இரண்டையும் காட்டும். காலியானதை பிஜி_டிராப்கிளஸ்டரால் நீக்கிவிட்டு பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் ஓட்ட வேண்டும். நீக்கும் கட்டளையில் பதிப்பு எண் தவறினால் உண்மையான தரவு போய்விடும். அதனால் என்டர் அழுத்தும் முன் அந்த எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். அப்கிரேட்டின் கடைசியில் பழைய பேக்கேஜ்களை நீக்கவா என்று கேட்கும்போது பட்டியலில் பழைய போஸ்ட்கிரெஸ் இருந்தால், தரவு நகரும்வரை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எப்போது விட்டுவிடுவது

தொடங்கும்போதே ஒரு நேர வரம்பு வையுங்கள். இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம்தான். அதற்குள் முடியவில்லை என்றால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, காரணத்தை நகல் சர்வரில் ஆராயுங்கள். ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் எழுதப்பட்ட தரவு திரும்ப வராது. ஆகவே அப்கிரேட் நேரம் முழுக்கத் தளத்தைப் பராமரிப்பு நிலையில் வைத்து, புதிதாக எதுவும் எழுதவிடாமல் நிறுத்தியிருக்க வேண்டும்.

சர்வர் இரண்டு வெளியீடு பின்தங்கியிருந்தாலோ, அதில் என்னென்ன ஓடுகிறது என்று யாருக்குமே சரியாகத் தெரியாவிட்டாலோ, நான் அப்கிரேட் செய்யவே சொல்ல மாட்டேன். புதிய வெளியீட்டில் புதுச் சர்வர் எடுத்து, சேவைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, கடைசியில் டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். கூடுதல் வேலைதான், ஆனால் பழையது அதுவரை ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் 1022 போர்ட்டை இரண்டு ஃபயர்வாலிலும் மூடுங்கள். உதவிச் சர்வரையும் நகல் சர்வரையும் நீக்குங்கள். ஸ்னாப்ஷாட்டை மட்டும் ஒரு வாரம் வைத்திருங்கள். மாதத்தில் ஒருமுறை ஓடும் கிரான் வேலை ஏதாவது இருந்தால், அது ஒருமுறை ஒழுங்காக ஓடி முடியும்வரை.